வடக்குச் சுவருக்குள் ஏழாவது ரேடியேட்டர்

அன்று நரின் என்னும் பனிமலை ஊரில் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர்: வீட்டுப் பெரியவர் தொலோபாய், அவருடைய மருமகள் அயிம்கான், கரண்ட் பாய்லர் பொருத்த வந்த ரிஸ்கெல்தி. வேறு யாரும் இல்லை. மகன் மாஸ்கோவில் வேலையில் இருந்தான்.

நிலக்கரி அடுப்பைக் கழற்றி, வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டி, சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் பழைய குழாய்களோடு இணைத்து, மதியத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பத் தொடங்கியபோதுதான் ரிஸ்கெல்திக்கு முதல் சந்தேகம் வந்தது. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"பெரியவரே, உங்க வீட்டுல ரேடியேட்டர் எத்தனை?"

"ஆறு. கண்ணு தெரியலையா?"

"ஆறு இவ்வளவு தண்ணி குடிக்காது. ஏழாவது எங்கயோ இருக்கு."

"எங்கயாவது ஒழுக விட்டுட்டு எங்க வீட்டு மேல பழி போடாத."

"ஒழுகினா முதல்ல உங்க கம்பளம்தான் நீந்தும்!" என்று ரிஸ்கெல்தி சிரித்தான்.

தொலோபாய் சிரிக்கவில்லை. அறை அறையாக அவன் பின்னாலேயே நடந்து, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ரேடியேட்டரின் காற்றுத் திருகிலும் அவன் சின்னச் சாவியை வைத்துத் திருப்ப, அடைபட்டிருந்த காற்று நீளமாகச் சீறி வெளியேறி, துருவும் பழைய கரியும் நாறும் கறுப்புத் தண்ணீர் தகரக் குவளையில் துப்பி விழ, அவன் மறுபடி திருகி மூடினான். ஆறாவதையும் மூடினான்.

ஏழாவது சீறல் கேட்டது.

கூடத்தின் கடைசியில், பூச்சுப் பூசிய வடக்குச் சுவருக்குப் பின்னாலிருந்து.

அங்கே ஓர் அறை இருந்தது. ஐம்பத்தெட்டுக் குளிர்காலங்களுக்கு முன், அது நிலக்கரியைத் தின்கிறது என்று சொல்லி தொலோபாயின் தந்தை அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். சிறையிலிருந்து திரும்பிய மூத்த மகன் ஒமுர்சாக் சைபீரியச் சுரங்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னதும் அதே வாரம்தான். பன்னிரண்டு வயதுத் தொலோபாய் மண் குழைத்துக் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. பிறகு அதே சைபீரியாக் கதையை ஊருக்கும் மகனுக்கும் அவரே சொன்னார். குடும்பத்தின் பெயர் அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது.

சீறல் முடிந்து தண்ணீர் துப்பியது. பிறகு, கிறீச்சென்று ஒரு திருகல்.

ரிஸ்கெல்தி தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். "அது தானா மூடாது பெரியவரே. யாராவது திருகணும்."

"குழாய் சூடேறுது. சத்தம் வரும்."

பாய்லரின் அழுத்த முள் மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி சீறல். மறுபடி திருகல்.

அயிம்கான் சுவரில் காதை வைத்தாள். சட்டென்று விலகி, முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, உள்ள கூப்பிடறாங்க."

"யாரை?"

அவள் தலை குனிந்தாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது அந்தக் குடும்பத்தில் கிடையாது. "அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது மாமா. வெறும் பேரா கூப்பிடறாங்க. பெரியவரேன்னு ஒரு மரியாதை இல்ல."

அவரை அப்படி வெறும் பெயர் சொல்லி அழைக்க மூத்தவர்களுக்கே உரிமை. அவருக்கு மூத்தவர் எவரும் உயிரோடு இல்லை.

இப்போது அவருக்கும் கேட்டது. மெதுவாக. ஈரமாக. பழகிய குரல்.

அண்ணன் அழைத்தால் தம்பி பதில் சொல்லியாக வேண்டும். 'வந்தேன் அண்ணே' தொண்டை வரை வந்துவிட்டது. ரிஸ்கெல்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அந்நியன் முன் பதில் சொன்னால் சைபீரியா பொய். தந்தை கொலைகாரர்.

விழுங்கினார்.

"அந்தப் பக்கம் அறையே இல்ல. அந்தக் குழாயை மட்டும் அடை."

"எப்படி அடைக்கறது? அதோட வால்வு உள்ள இருக்கு."

"அப்போ பாய்லரையே அணை."

"வெளியே மைனஸ் இருபத்தஞ்சு, பெரியவரே."

"அணை!"

பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. இரும்பு சுருங்கிச் சொடுக்கியது. குரல் நின்றது.

பிறகு உரசல்.

நகம்.

பூச்சில் ஒரு விரிசல். உள்ளேயிருந்து சூடான காற்று.

தொலோபாய் மனம் உடைந்து கடப்பாறையால் சுவரை இடித்தார் என்றும், உள்ளே எலும்புகள் கிடந்தன என்றும் ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அந்தச் சுவரை வீட்டார் யாரும் தொடவில்லை. செங்கல்கள் எல்லாம் உள்ளேயிருந்து தள்ளியதுபோல் கூடத்துப் பக்கம் விழுந்து கிடந்தன. அறை காலியாக இருந்தது.