உடையப்பன் மீசையும் கரடிக்குகைக் கிழங்கும்

"கரடிக்குகையில திருடனுங்க ஒளிச்சு வெச்ச கோயில் வெள்ளி விளக்கோட திரும்பி வரலைன்னா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

டீக்கடை முன்னால் உடையப்பன் போட்ட சவால் இது. ஊரே கைதட்டியது. சலூன் மாரப்பன் மட்டும் கத்தி தீட்டப் போனார். பாவம், எண்ணெய் போட்டு, முறுக்கி, பிள்ளையைப் போல வளர்த்த மீசை அது!

மறுநாள் விடிந்ததும் மனைவி பொன்னுருவி, அவள் தம்பி சடையன், ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கு சகிதம் மலையேறினான். முள்ளில் கிழிபட்டு, பாறையில் சறுக்கி, ஒருவழியாகக் குகைக்கு எதிரே ஓடைக்கரையை அடைந்தால்... அக்கரையில் குகைக்குள்ளேயிருந்து 'உர்ர்ர்!'

"மச்சான், வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்காரு!" என்று சடையன் பின்வாங்கினான்.

"அவரை நான் வெளியே கூப்பிடுறேன்," என்றாள் பொன்னுருவி. "காத்து குகைப் பக்கம் வீசுது. ஓடைக்கு இந்தப் பக்கம் கிழங்கு சுடுவோம். வாசனைக்கு அது வந்ததும், நாம சுத்திப் போய் உள்ளே நுழைஞ்சிடலாம்."

பாதிக் கிழங்கைத் தணலில் புதைத்தாள். "மெதுவாத்தான் வேகணும். தொடாதே மாமா."

தொடாமல் இருக்க உடையப்பன் என்ன முனிவனா? அவள் சுள்ளி பொறுக்கப் போன நேரம் பார்த்துக் குனிந்து, "ஃபூ! ஃபூ!" என்று ஊதினான். குப்பென்று எழுந்த தீ முகத்தில் அறைந்தது. "ஐயோ!" என்று மல்லாந்தான். கிழங்கெல்லாம் கரிக்கட்டை! புகை தாங்காமல் கரடி தும்மிக்கொண்டு இன்னும் உள்ளே போய்விட்டது.

"ஏதோ கருகின நாத்தம் அடிக்குதே, புள்ள?" என்று மூக்கைச் சுளித்தான் உடையப்பன்.

ஓடிவந்த பொன்னுருவி அவன் முகத்தைப் பார்த்தாள். சடையனும் பார்த்தான். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"கிழங்குதான் மாமா," என்றவள், அவன் துண்டாலேயே அவன் கைகளைப் பின்னால் கட்டினாள். "இருக்கிறது இந்த மீதிக் கிழங்குதான். இதுவும் போச்சுன்னா சவாலும் போச்சு. பேசாம உட்காரு!"

இந்த முறை தணல் மேல் சாம்பலைப் போர்த்தினாள். உடையப்பன் நெளிந்தான், கெஞ்சினான், கொட்டாவி விட்டான். வெயில் சாய்ந்தது. மெல்ல மெல்லக் கிழங்கின் தோல் வெடித்துப் பாகு கசிந்தது. அடடா, என்ன வாசனை!

குகை வாசலில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. பிறகு முழுக் கரடியும் ஆடி அசைந்து ஓடையை நோக்கி வந்தது.

"ஓடு மாமா!" என்று கட்டை அவிழ்த்தாள்.

பாறைகளைச் சுற்றி ஓடிக் குகைக்குள் பாய்ந்தார்கள். சடையன் டார்ச் அடித்த மாடத்தில், வௌவால் எச்சத்துக்கு அடியில் நின்றது விளக்கு! அம்மாடி, என்ன கனம்! உடையப்பன் இரண்டு கைகளாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். அக்கரையில் கரடி ஒரு கிழங்கை உருட்டி உருட்டி ஆறவைத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு இருக்கிற பொறுமைகூட உனக்கு இல்லையே மாமா!"

வழியெல்லாம் விளக்கை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. டீக்கடையில் இறக்கி வைத்தபோது ஊரே விசிலடித்து விழுந்து விழுந்து சிரித்தது. தன் வெற்றிக்குத்தான் என்று நினைத்து அவன் பூரித்துப் போனான்.

"என்ன மாரப்பண்ணே! கத்திக்கு வேலை இல்லாமப் போச்சே!" என்று மீசையை முறுக்கக் கையைத் தூக்கினான்.

வலது பக்கம் வழவழவென்று இருந்தது.

மாரப்பன் கண்ணாடியை நீட்டினார். "ஜெயிச்சிட்டேப்பா, ஒத்துக்கிறேன். இடது பக்கத்தை என்ன செய்யலாம்னு மெதுவா யோசிச்சுச் சொல்லு. அவசரமே இல்லை."