கட்டைவிரல் அளவு வெள்ளை

நியெபி அன்று காலை கண் விழித்ததும் அரினிக்கு மை வாசனை வந்தது. காய்ந்த மைக்கு வாசனை கிடையாது. இது சீன மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைக்கும்போது எழும் வாசனை, கரியும் பசையும் கலந்து குளிர்ச்சியாக மூக்கில் ஏறுவது. ஆனால் முந்தின நாள் மத்தியானமே அவள் மூங்கில் பேனாக்களைக் கழுவித் துடைத்து, மைக்கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நியெபியில் பாலித் தீவு முழுக்க ஒருவரும் வேலை செய்யக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது, இருட்டினாலும் விளக்கேற்றக் கூடாது. முந்தின இரவு தீப்பந்தமும் தகரச் சத்தமுமாக விரட்டிய பூதங்கள் மேலே நின்று பார்க்கும்போது, ஆளே இல்லாத தீவு என்று நினைத்துக் கடந்து போய்விட வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் ஊராகச் சேர்ந்து செத்தது போல நடிக்கிறோம். அதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

கட்டிலுக்கடியில் கை விட்டு, துணி போர்த்திய பலகையை வெளியே இழுத்தாள். அதில் ஒட்டியிருந்த தாளில்தான் அவளுடைய படம். அவள் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்த இடத்துக்குள் ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. மடக்கிய சின்ன முழங்கால் ஒன்றின் கோடு.

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தோடு போன ஒரு கண்காட்சியில், தங்கள் பாத்துவான் ஊர்ப் பாணியில் வரைந்த பழைய கறுப்புப் படம் ஒன்றின் முன்னால் அரினி நின்றாள். இலை என்று பார்த்தது மீனாக இருந்தது. மீனின் வயிற்றுக்குள் ஒரு வீடு, வீட்டு ஜன்னலில் பல்லைக் காட்டும் முகம், அந்தப் பல்லுக்கு இடையில் நெல் குத்தும் பெண்கள். ஊசி முனை அளவுக்குக்கூட வெற்றிடம் இல்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. உலகத்தில் இல்லாததைக்கூட இருக்க வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தையெல்லாம் பூதங்களால் நிரப்பி, அம்மாவிடம் அடி வாங்கினாள்.

இப்போது பதினேழு. பள்ளி இறுதித் தேர்வுக்கான படமாகத் தன் வீட்டையே வரைந்திருந்தாள். கூரைகள் ஆமை ஓடுகளாகவும், வாழையிலைகள் விரல்களாகவும், கிணறு திறந்த வாயாகவும் மாறிய வீடு. வாசலருகே அப்பா, அடுப்படியில் அம்மா, படிக்கட்டில் கையில் பேனாவோடு அவள். நடு முற்றத்தில் ஒரு விளக்கு. கறுப்பும் சாம்பலுமான படம் முழுவதிலும் அந்தச் சுடர் மட்டும் மஞ்சள். விளக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு வெள்ளை.

"உன் படத்துல ஓட்டை விழுந்திருக்குடி" என்று வகுப்பில் கூடப் படிக்கும் தேசி சிரித்திருந்தாள். "நம்ம ஊர்ல கொசு உட்காரக்கூட இடம் விடமாட்டாங்க. நீ என்னடான்னா வாடகைக்கு விடுற மாதிரி விட்டு வெச்சிருக்க."

"ஆளு வரணும்" என்றாள் அரினி. தேசிக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

அது காடெக்கின் இடம். ஆறு வயதுத் தம்பி. போன நியெபி இரவில் அவனுக்குக் காய்ச்சல். சாயங்காலம் கொஞ்சம் தணிந்தது போலிருக்க, அக்காவோடு படுக்கிறேன் என்று அடம்பிடித்து வந்தான். இருட்டு என்றால் அவனுக்கு உயிர் போகும். "விளக்கு போடுக்கா, ஒரே ஒரு நிமிஷம்" என்று அழுதான். "சத்தம் போடாதடா, கேட்டுடும்" என்று அவள் அவன் வாயைப் பொத்தினாள். அழுகை தேம்பலானது, தேம்பல் மூச்சானது, அவளும் தூங்கிப் போனாள். விடிந்தபோது அவன் சில்லென்று கிடந்தான். அவள் கை அவன் கன்னத்தருகே கிடந்தது. காய்ச்சலில் போய்விட்டான் என்றார்கள் எல்லோரும். வாயிலிருந்து கை எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவனுக்கு ஏற்றாத விளக்கைத்தான் படத்தில் ஏற்றி வைத்தாள். அவன் முகத்தை வரைய மட்டும் கை வரவில்லை.

தூக்கக் கலக்கத்தில் நானே அந்த முழங்காலை வரைந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். கவிழ்த்த மைக்கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது.

மத்தியானம் ஊரில் நாய்கூடக் குரைக்கவில்லை. முற்றத்தைத் தாண்டி, வடக்கு அறையில் அப்பாவின் இருமல் மட்டும் அவ்வப்போது கேட்டது. அரினி ஆறின சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி பலகையை இழுத்தாள். வெள்ளைக்குள் முழு உருவம் வந்திருந்தது. குந்தி உட்கார்ந்த சிறுவன். கோட்டுக்கு மேல் முதல் பூச்சும் ஏறியிருந்தது, தண்ணீர் நிறையக் கலந்த வெளிர் சாம்பல். அவள் வேலை செய்கிற அதே வரிசை. முதலில் கோடு, பிறகு வெளிர், பிறகு கறுப்பு, கடைசியில் கண். யாரோ அவளைப் போலவே, அவசரப்படாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னடி பண்ற?"

கதவருகே அம்மா. அம்மா அன்று முழு விரதம், உதடு காய்ந்திருந்தது. அரினி மறைப்பதற்குள் அம்மாவின் கண் படத்தில் விழுந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காது பாரு" என்றாள் மெதுவாக. "ஒண்ணு மட்டும் வெளிய நீட்டிட்டு. அப்படியே அவன் காது." விரலால் தடவினாள். விரல் நுனியில் கோட்டின் கறுப்பு ஒட்டியது. "ஈரமா இருக்கே. இன்னிக்கு வேலை செய்யலாமாடி?"

அரினி வாயைத் திறந்தாள். ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

"மன்னிச்சிரும்மா" என்றாள் அரினி. "மனசு கேக்கல."

"பரவால்ல. சாமி ஒண்ணும் சொல்லாது." அம்மா கறுப்பு ஒட்டிய விரலைத் துடைக்காமல், உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு போனாள்.

ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் கூரைகளிலிருந்து இறங்கி, முற்றத்தில் கொஞ்ச நேரம் தேங்கி, கிணற்றுப் பக்கமாக வடிந்து காணாமல் போனது. அதற்குப் பிறகு வந்த இருட்டு, மற்ற நாட்களில் ஊரின் பல்புகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற இருட்டு, இன்று தன் வீட்டுக்கு வருவது போல உரிமையோடு உள்ளே வந்தது. தவளைகள் கத்தின. திடீரென்று எல்லாம் ஒன்றாக நிறுத்தின. வாசலில் செருப்புச் சத்தம்.

"அண்ணே." எங்காவது விளக்கு எரிகிறதா என்று நியெபி இரவில் ரோந்து வரும் ஊர்க்காவலர் சுவெந்தாவின் அடங்கிய குரல். "விளக்க அணைங்கண்ணே."

"இங்க எங்கப்பா விளக்கு?" என்று அப்பா இருமிக்கொண்டே போனார்.

"மேற்கு அறையில மஞ்சளா தெரியுதே. வயக்காட்டுல நின்னு பார்த்தேன். ஊர்லயே உங்க வீடு மட்டும்தான்."

அப்பா மேற்கு அறைக் கதவைத் திறந்தார். அரினி இருட்டில் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தாள். "பாரு, கும்மிருட்டு. உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, சுவெந்தா" என்றார். சுவெந்தா சிரிக்கவில்லை. போகும்போது அவருடைய செருப்புச் சத்தம் கிட்டத்தட்ட ஓட்டமாக இருந்தது.

கட்டிலுக்கடியில், துணியின் ஓரத்தில், நூல் அளவுக்கு மஞ்சள் கசிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தின இரவு அப்பா தீப்பந்தத்தோடும் அம்மா தகரத்தோடும் மூலை மூலையாகப் புகை காட்டி விரட்டிக்கொண்டு வந்தார்கள். "கட்டிலுக்கடியில என்ன?" என்று அப்பா கேட்டார். படத்தில் சாம்பல் விழுந்துவிடுமே என்று, "பழைய துணிப்பா" என்றாள் அவள். அப்பா அடுத்த அறைக்குப் போய்விட்டார். எல்லா வீட்டிலிருந்தும் பூதங்களை விரட்டியாகிவிட்டது, அவள் வரைந்த வீட்டைத் தவிர. எல்லா வீட்டிலும் விளக்கணைந்துவிட்டது, அவள் வரைந்த வீட்டைத் தவிர. மேலே நின்று பார்க்கிறவற்றுக்கு, இந்தத் தீவில் ஆள் இருக்கிற வீடு இது ஒன்றுதான்.

துணியை விலக்கினாள். சுடர் அசைந்தது. அதன் பக்கத்தில் காடெக். கறுப்புப் பூச்சும் முடிந்திருந்தது. ஒரு காது நீட்டிக்கொண்டு, முகம் சுடரைப் பார்த்துத் திரும்பி. கண் மட்டும் பாக்கி.

வாசலருகே அவள் வரைந்திருந்த அப்பாவைக் காணோம். அந்த இடம் வெள்ளை.

முற்றத்துக்கு அப்பால் இருமல் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்டது. ஒரு முறை. பாதியில் நின்றது.

மைக்கிண்ணத்தை நிமிர்த்தினாள். அதில் மை இருந்தது, விளிம்பு வரை. தூரிகையை முக்கிச் சுடருக்கு மேலே கொண்டுபோனாள். ஒரு சொட்டு போதும். ஒரு சொட்டில் வீடு இருண்டுவிடும், வந்தது வழி தெரியாமல் போய்விடும், அப்பா இருமுவார். சுடரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. கண் வந்திருந்தது. நிறைய அழுத கண்.

விளக்கு போடுக்கா.

அவளால் முடியவில்லை. இன்னொரு தடவை அவனை இருட்டில் விட அவளால் முடியவில்லை. தூரிகை கையிலிருந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுப்படியும் வெள்ளை. மத்தியானம் அம்மாவின் விரலில் ஒட்டிய கறுப்பு அவளுக்கு நினைவு வந்தது. வடக்கு அறையிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. வாழையிலை விரல்கள் படத்துக்குள் ஒவ்வொன்றாக மடங்கின. முற்றத்து நிழலில் ஏதோ உள்ளே வந்து நின்றது. அவள் அதை வரைந்ததில்லை.

கத்த வேண்டும். அம்மா. அப்பா. எழுந்திருங்க. ஓடுங்க.

வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து பொத்தியது. சில்லென்ற கை. மை வாசனை.

"சத்தம் போடாதக்கா" என்றான், காதோடு காதாக. "கேட்டுடும்."

படத்தில் இப்போது படிக்கட்டும் வெள்ளை. விளக்கடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மை இன்னும் காயவில்லை. பெரியவளின் கண்ணில் சுடர் மஞ்சளாக எரிந்தது. அவள் வாயின் மேல் சின்னக் கை.

அந்தக் கை நழுவவே இல்லை.