கரைக்குக் கீழே ஒரு குடும்பம்

காலை பதினொன்றுக்கு நிலம் ஒத்துழைக்கும். அதற்குச் சற்று முன்பே டீக்கடையில் கிளாஸ்களைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் சுரங்கக் கழகம் பாறையை உடைக்க, மேலே எல்லாம் ஒன்பது விநாடி ஆடும். 'நடுக்கம்' என்ற சொல்லைக் கழகம் சுற்றறிக்கை போட்டு ஒழித்து, 'நில ஒத்துழைப்பு' என்றாக்கியிருந்தது. நிலத்தைக் கேட்டார்களா என்று தெரியவில்லை.

அன்று ஆடி ஓய்ந்ததும் செங்கரடு மண் அணையின் பொறியாளர் ஜெசிந்தா, கரையின் அடிவாரத்தில் கசிவு நீரைப் பாட்டிலில் பிடித்தாள். மூன்றாவது நாளாகக் கலங்கல். தெளிந்த கசிவு எல்லா மண் அணைக்கும் உண்டு. கலங்கிய கசிவு என்றால் கரை உள்ளிருந்து கரைகிறது என்று பொருள்.

கைபேசித் திரையில் கழக இயக்குநர் அச்சுதன் வந்தார்.

"கணினியில கட்டி வெச்சிருக்கிற நிழல் அணை பத்திரமா இருக்கும்மா. அது பொய் சொல்லாது."

"அதுல தண்ணி இல்லையே சார்."

மறுநாள் ஒத்துழைப்புக்கு, அணை தாங்கும் என்று அவள் கையெழுத்து வேண்டும். கையெழுத்திடுபவர் குடும்பத்தோடு கரைக்குக் கீழேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். தன் பிள்ளை தூங்கும் இடத்தைப் பற்றி யாரும் பொய்க் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று, மலைமேல் பங்களாவில் உட்கார்ந்து யோசித்தவர்கள் எழுதியது.

"நான் போடமாட்டேன் சார்."

"அப்ப நீங்க அங்க இருக்கணும்னு கட்டாயமில்ல. காலி பண்ணுங்க. உங்க இடத்துல கையெழுத்துப் போட சாயங்காலம் வேதமூர்த்தி வர்றார்."

அவள் கணவன் அமல்தாஸ் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினான். "கீழ ஏழு ஊருக்கும் சொல்லிட்டுக் கெளம்புவோம், ஜெசி."

"நேத்தே சொன்னேன். 'நீங்களே புள்ளயோட அங்கதான இருக்கீங்க மேடம்'னு சிரிக்கிறாங்க."

நாலு மணிக்கு லாரி வந்தது. வேதமூர்த்தியின் மனைவி கைக்குழந்தையோடு இறங்கினாள். கரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்க தண்ணி வசதி எப்படிங்கக்கா?"

ஜெசிந்தா பாட்டிலை வேதமூர்த்தியிடம் கொடுத்தாள். அவன் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"எனக்கு வேற வேலை இல்லைங்க மேடம்," என்றான்.

"இவங்களக் கூட்டிட்டுத் திரும்பிப் போங்க. நான் காலி பண்ணாம உங்க கையெழுத்து செல்லாது. கையெழுத்து இல்லாம நாளைக்கு அவங்க உடைக்க முடியாது. நான் மறுத்தேன், வீடு தரலைன்னு எழுதிக்குங்க."

லாரி போனது. அமல்தாஸ் கட்டிய சாக்கைப் பார்த்தபடி நின்றான்.

"பாப்பாவ மட்டும் உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிருவோமா, ஜெசி?"

"ஒருத்தர் கொறைஞ்சாலும் குடும்பம் இல்லன்னு எழுதி, வீட்டை எடுத்துக்குவாங்க."

உள்ளே மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அமல்தாஸ் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனை நாளைக்கு இங்கே இருப்பது என்று அவனும் கேட்கவில்லை, ஜெசிந்தாவும் சொல்லவில்லை.