காலடிக்குப் பழகிய சிலந்தி

யாரும் நடக்கவில்லை. ஆனாலும் மாமியார் வளையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

மாமியார் என்பது கண்ணாடித் தொட்டியில் வளரும் டரான்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், கரிய உடம்பு, கால்களில் துரு நிற மயிர். மூலையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், வீட்டில் நடப்பதையெல்லாம் கவனிக்கிறதே என்று மகள் வைத்த பெயர். வைத்தவள் போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தொட்டி மட்டும் அவள் அறையின் மரத்தரையில் அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே நாற்காலி போட்டு, கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா.

ஜவுளிக்கடைக்காரர் அவர். படியேறுகிறவர் வாங்க வந்தவரா, பொழுதுபோக்க வந்தவரா என்று ஏறும் தோரணையிலேயே சொல்லிவிடுவார். "பழக்கியிருக்கேன்ப்பா, என் காலடி கேட்டா வெளிய வரும்" என்று மகள் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"கடையில இருக்குற ஆளுங்களையே என்னால பழக்க முடியல. நீ சிலந்தியைப் பழக்குறியா?"

"அவங்களுக்கு ரெண்டு கால்தானேப்பா. இது நாலு மடங்கு புத்திசாலி."

சிறு வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த கால் அவளுக்கு. ஓர் அடி அழுத்தமாக விழும். அடுத்தது தரையை இழுத்துக்கொண்டு வரும். வேலை முடிந்து அந்தி நேரத்தில் அவள் நடைவழியில் வரும்போதெல்லாம் சிலந்தி வெளியே வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் கண்ணாடியில் ஊன்றிக் கதவுப் பக்கம் திரும்பி நிற்கும். வேறு யார் நடந்தாலும் உள்ளே பதுங்கிவிடும்.

இப்போதும் அப்படித்தான் நின்றது. பாதி திறந்த கதவுக்கு அப்பால் நடைவழி வெறுமையாகக் கிடந்தது. சமையலறையில் குளிர்பெட்டி முனகியது. ஈர மண்ணின் வாசனை தொட்டியிலிருந்து மெல்ல எழுந்து, மடிக்காமல் விட்ட படுக்கையின் பழைய தலையெண்ணெய் வாசனையோடு கலந்தது.

மனைவியிடம் போய்ச் சொன்னார். "அது அவளை மறக்கல."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்தச் சனியனை யாருக்காவது குடுத்துடுங்க."

"நான் சொல்றதைக் கேளேன்."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். தினம் சாயங்காலம் அந்தக் கால் சத்தம் வருதான்னு வேலையை விட்டுட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." மடித்த துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள், மகள் அந்தச் சிலந்தியை வாங்கிய செல்லப்பிராணிக் கடைக்குப் போனார். கடைக்காரன் மீன் தொட்டியைத் துடைத்தபடியே பேசினான்.

"உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்னண்ணே ஆகப்போகுது. அதுக்குக் கண்ணே சரியாத் தெரியாது. எல்லாம் கால் மயிர்லதான். ஒரு அதிர்வு தினமும் வந்தா, பயப்படாம பழகிக்கும். ஆளை நினைச்சு ஏங்குறதெல்லாம் நாயோட சரி. தரை அதிராம அது வராது."

"அதிரலையே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே."

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போனவருக்கு, அவன் அறியாமலேயே அதைவிடப் பெரிய சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டான். தரை அதிராமல் அது வராது. அப்படியானால் அவள் நடக்கிறாள். வீடு வரும் வரை தெருவிலேயே அழுதுகொண்டு வந்தார். தெரிந்தவர்கள் கேட்டதற்குத் தூசி என்றார்.

அன்றிலிருந்து அந்தி சாய்ந்ததும் கதவை அகலத் திறந்து வைத்தார். நடைவழியில் கிடந்த விரிப்பைச் சுருட்டிப் போட்டார். "வாம்மா" என்று கூப்பிட்டார். சிலந்தி வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கதவிலிருந்து கட்டிலுக்குப் போவதைப் பின்தொடர்வதுபோல், கண்ணாடியோரமாக மெல்லத் திரும்பும். அது திரும்பும் பக்கமெல்லாம் அவரும் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார். போதவில்லை அவருக்கு. பேரம் பேசியே வளர்ந்த வாய். "ஒரே ஒரு தடவை அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி நடம்மா" என்று கெஞ்சினார். யார் யார் காதில் விழுகிறது என்று யோசிக்கவில்லை.

பிறகு ஒரு மழை நாள். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை.

கேட்டது.

அழுத்தமாக ஓர் அடி. ஓர் இழுப்பு. ஓர் அடி. ஓர் இழுப்பு.

அவர் நெஞ்சு நிறைந்து வழிந்தது. தொட்டியைப் பார்த்தார்.

சிலந்தி பின்வாங்கிக்கொண்டிருந்தது. எதிரியைக் கண்டதுபோல் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறியது. வளைக்குள் இறங்கி, உள்ளிருந்தபடியே மண்ணை இழுத்து இழுத்து வாயிலை அடைத்தது. அவசரமாக. மகளின் நடைக்கு அது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

அப்போதுதான் உறைத்தது. மழை நாளில் அவளுக்கு அந்தக் கால் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். நடை தடுமாறும். இந்த நடையில் தடுமாற்றமே இல்லை. மற்ற நாளெல்லாம் அவள் நடந்த நடை. யாரோ கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

இத்தனை நாள் வந்தவள் வேறு. இன்று வருவது வேறு.

கதவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தள்ளு போதும். கையை வைத்தார்.

"அப்பா."

குரலும் கிட்டத்தட்ட அவள் குரல்தான். கொஞ்சம் பிசகு. போலி என்று தெரிந்து அவர் வாழ்நாளில் எதையும் வாங்கியதில்லை.

கையை எடுத்துவிட்டார்.

"வாம்மா" என்றார்.

அது உள்ளே வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றது. அவர் திரும்பவில்லை. தொட்டிக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. அவளைவிட உயரம். கழுத்தைச் சாய்த்து அவர் வாயையே பார்த்தது. அதன் வாய் மெல்லத் திறந்து மூடியது. திறந்து மூடியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "யாரைக் கூப்பிட்டீங்க?" மனைவியின் குரல் நடுங்கியது. "அவ நடையா அது? எனக்கும் கேட்டுச்சே."

வராதே என்று கத்த வாயெடுத்தார். குளிர்ந்த விரல்கள் வந்து மூடிக்கொண்டன. நிறைய விரல்கள்.

"ஆமா" என்றது, அவருடைய குரலில். "நம்ம பொண்ணுதான். சீக்கிரம் வா."

நடைவழியில் மனைவி ஓடி வரும் சத்தம் கேட்டது. விரல்கள் அவர் உதடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.