ஐந்தாவது துளை

இயந்திரம் ஐந்து முறை கொத்தியது.

தாஹிரா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முன்னறையில் மரப் பொத்தான் செதுக்கும் ரூட்டர் இயந்திரத்தை அவள் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை, காது போதும். பூவின் இதழ்களைச் செதுக்கும்போது நீளமாக ஒரு முனகல், விளிம்பைச் சுற்றி வழித்தெடுக்கும்போது சீறல், கடைசியில் நூல் நுழைய நான்கு துளைகள்: ட்ர், ட்ர், ட்ர், ட்ர். அதோடு ஒரு பொத்தான் முடிந்து, முனையிலிருக்கும் வெட்டூசியான பிட் அடுத்த பூவுக்கு நகரும். ஒரு பலகைக்குத் தொண்ணூற்றாறு பொத்தான்கள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் பருப்பு வேகுவதும் துணி காய்வதும் இந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

அதனால் ஐந்தாவது ட்ர் கேட்டதும் மாவில் கை அப்படியே நின்றது.

"அஞ்சு," என்று உள்ளறையிலிருந்து மகள் அல்வீனாவின் குரல் வந்தது. ஆறு வயது. மூடுபனிக்குப் பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் மூடிவிட்டார்கள். பகலெல்லாம் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடந்து இயந்திரத்தோடு சேர்ந்து எண்ணுவதுதான் அவளுக்கு விளையாட்டு.

"நாலுதான்டி. ஒழுங்கா எண்ணு."

"அஞ்சு அம்மி. கடைசி ஒண்ணு மட்டும் மெதுவா."

தாஹிரா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மதியம் இரண்டு மணிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாமல் பனி அடைத்துக்கொண்டிருந்தது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் மாமரத் தூள் மெல்ல மிதந்தது. முடிந்த பொத்தான்களின் மேல் ஊதிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நான்கே துளைகள், சுத்தமாக, அளவெடுத்தது போல. பிள்ளைப் பேச்சைக் கேட்டுத் தனக்கும் காது கெட்டுவிட்டது என்று திரும்பியபோதுதான் அந்த வாடை வந்தது.

கொம்பு வாடை.

சராய் தரீனில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் கொம்போ எலும்போ அறுபடும் ஊர். தாஹிராவின் அப்பா எருமைக் கொம்பைச் சுட்டுத் தட்டையாக்கும்போது அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவர் சிரித்தபடி, "உன் நகத்தை வெட்டி நெருப்புல போட்டாலும் இதே வாடைதான்" என்பார். ஆனால் இன்று பலகையில் இருப்பது மாமரம். அறுக்க அறுக்க லேசாகத் தித்திக்கும் மரம்.

கொல்லைச் சுவரோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். "ஜுனைதா பாஜி! உங்க வீட்டுல கொம்பு ஓடுதா?"

"எங்க ஓடுது? மோட்டார் புகைஞ்சு நாலு நாளாச்சு. எங்க வீட்டுக்காரரு இழுத்துப் போத்திக்கிட்டுக் கொறட்டை விடுறாரு. வாடை உன் மூக்குலயே இருக்கும், நல்லாச் சிந்து!"

பனிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. தாஹிராவும் சிரித்தாள். உள்ளே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. ட்ர், ட்ர், ட்ர், ட்ர். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு இன்னொன்று. மெதுவாக.

இந்த முறை அது முன்னறையிலிருந்து வரவில்லை.

அவள் கணவன் மெஹ்தாப் மாதிரிப் பொத்தான்களை எடுத்துக்கொண்டு விடியுமுன்பே முராதாபாத் போயிருந்தான். மஃரிப் தொழுகைக்குள் பொத்தான்களை ஏற்ற லாரி வந்துவிடும், அதற்குள் கடைசிப் பலகை முடிய வேண்டும். அவனுக்குப் போன் போட்டாள்.

"மெஷின்ல ஏதோ சத்தம் வருதுங்க. ஒரு துளை கூடப் போடுது."

"பட்டன்ல இருக்கா?"

"இல்ல. நாலுதான் இருக்கு."

"அப்புறம் எங்கே போடுது, காத்துலயா? உன் காதுல மூணு வருஷத் தூசி அடைச்சுக் கெடக்கு, பொண்டாட்டி. ஜீரோ ஒழுங்கா வெச்சியா?"

"வெச்சேன்."

"அதுல மட்டும் அவசரப்படாதே. மெஷினுக்குக் கண்ணா இருக்கு? எதைத் தொட்டு ஜீரோ அமுக்குறியோ, அதுதான் அதுக்குக் கட்டை. அது..."

பனியில் போனும் செத்துவிட்டது. தாஹிரா அதைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். காலையில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு பலகைக்கும் முதலில் பிட்டை மயிரிழை மயிரிழையாக இறக்கி, மரத்தைத் தொடும் இடத்தில், இயந்திரத்தை இயக்கும் கைப்பெட்டியில் ஜீரோ விசையை அமுக்க வேண்டும். மரம் இங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குக் காட்டுவது அப்படித்தான். சரியாகத் தொடுகிறதா என்று பார்க்க நடுவில் ஒரு காகிதத் துண்டு வைப்பார்கள். இன்று காலை அல்வீனா தன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். தாளை வைக்காமல் குறும்பாக விரலை நீட்டினாள். பிட் சுழலவில்லை, சும்மா இறங்கி அவளது சுட்டுவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்தது. "அம்மி பாரு, மெஷின் எனக்கு முத்தம் குடுக்குது!" அதற்குள் தாஹிராவின் கட்டைவிரல் விசையை அமுக்கிவிட்டிருந்தது.

தாஹிரா கத்தினாள். பிள்ளையின் முதுகில் ஒரு அடியும் வைத்தாள். பிறகு காகிதம் வைத்து, மரத்தின் மேல் மறுபடி ஜீரோ வைத்தாள். நகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அடித்ததற்கு மனசு கனத்து, ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்ததோடு அதை மறந்துபோனாள்.

"அம்மி," என்றாள் அல்வீனா உள்ளே. "விரல் குறுகுறுக்குது."

தாஹிரா உள்ளறைக்குப் போய் ரஜாயை விலக்கினாள். பிள்ளையின் கை சூடாக, வெல்லப் பிசுக்காக இருந்தது. சுட்டுவிரல் நகத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"நகத்துல பூ விழுந்திருக்குடி. எல்லாருக்கும் விழும்." தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"இல்ல அம்மி. அது என்கிட்ட வருது. அஞ்சாவது."

முன்னறையில் நீளமான முனகல் முடிந்து சீறல் தொடங்கியது. தாஹிரா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் காத்திருந்தாள். ட்ர். ட்ர். ட்ர். ட்ர்.

அவள் பிடிக்குள் அந்தச் சின்ன விரல் அதிர்ந்தது.

வெள்ளைப் புள்ளியின் மேல் மாவு போல ஏதோ துளிர்த்தது. கட்டைவிரலால் துடைத்து முகர்ந்தாள். கொம்பு. துடைத்த இடத்தில் ஒரு துளை இருந்தது. ரத்தம் இல்லை. சுத்தமான, வட்டமான, ஒரு நூல் நுழையும் அளவுத் துளை.

தடிமனான எதையும் இயந்திரம் ஒரே மூச்சில் துளைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று ஆழமாக.

ஓடினாள். சிவப்பு விசையை உள்ளங்கையால் அறைந்தாள். சுழற்சி இறங்கி, தேய்ந்து, நின்றது. கைப்பெட்டியின் சின்னத் திரை முடிந்தவை ஐம்பத்திரண்டு என்று காட்டியது. மிச்சம் நாற்பத்து நான்கு. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. சுவர்க்கடிகாரம் கேட்டது. கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

ட்ர்.

உள்ளறையில். ரஜாய்க்கு அடியில்.

"அம்மி, வலிக்குது."

யா அல்லாஹ். யோசிக்க நேரமில்லை. எதைத் தொட்டு ஜீரோ அமுக்குகிறோமோ அதுதான் அதற்குக் கட்டை. மரத்தைக் காட்டியும் அது பிள்ளையை விடவில்லை. தாஹிரா தன் சுட்டுவிரலைப் பலகையின் மேல், பிட்டுக்கு நேர் கீழே வைத்தாள். கைப்பெட்டியைத் தட்டித் தட்டி இறக்கினாள். ஒரு மயிரிழை. இன்னொரு மயிரிழை. அறுத்த சூடு ஆறாத முனை நகத்தைத் தொட்டது. ஜீரோவை அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

எதுவும் நடக்கவில்லை.

விரலை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். திரை அணைந்தது. பலகை கெட்டாலும் கெட்டுப்போகட்டும், லாரி வந்தால் வரட்டும்.

அல்வீனா ரஜாயை இழுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "நின்னுடுச்சு அம்மி."

தாஹிரா அவளை அள்ளிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துளை தூர்ந்து, வெறும் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையின் தலையில் முகம் புதைத்து அழுதாள்.

"எதுக்கு அழுவுறே? என்னை அடிச்சதுக்கா?"

"ஆமாடி செல்லம். அதுக்குத்தான்."

"சரி, விடு. இன்னொரு வெல்லம் குடு."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்னறையில் முனகல் எழுந்தது.

திறந்த கதவு வழியாகத் தரையில் கிடந்த பிளக் தெரிந்தது. முனகல் முடிந்தது. சீறல். அல்வீனா பழக்கத்தில் விரலை மடக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு."

"வேணாம். எண்ணாதே."

"ரெண்டு. மூணு. நாலு."

அமைதி. ஒரு மூச்சு நேரம்.

ஐந்தாவது தாஹிராவின் நகத்தில் இறங்கியது. மெதுவாக. குளிர்ந்த ஒரு கம்பி எலும்புவரை போவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வலித்தது. சந்தோஷமாக இருந்தது. என்னோடதாகவே இருக்கட்டும். நாற்பத்து நான்கும் என்னோடதாகவே.

"அஞ்சு," என்றாள் அல்வீனா.

பிறகு அவள் முகம் சுருங்கியது. அடுத்த கையின் ஒரு விரலையும் மடக்கினாள்.

"ஆறு."

தாய் நகத்திலும் பிள்ளை நகத்திலும் வட்டமான துளைகள். இரண்டிலிருந்தும் வெள்ளைத் தூள் ரஜாயின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. முன்னறையில் பிட் அடுத்த பூவுக்கு நகர்ந்தது.