விபத்தில்லா ஆண்டுகள்

சாலையில் பனி கண்ணாடிபோல் உறைந்திருந்தது. மருமகள் இம்கே காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு அத்தை. இவளையும் பள்ளியில விட்டுட்டு எப்படிப் போறது? நீங்க உங்க காரை விக்காம இருந்திருந்தா..."

"ஃபென்னாவை நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அல்முட்.

"இந்தப் பனியிலயா? நல்லா இருக்கு. இத்தனை வருஷம் ஓட்டினவங்களுக்குத் திடீர்னு கண்ணு தெரியலையாம். ஊசியில நூல் கோக்க மட்டும் தெரியுது."

அல்முட் குனிந்து பேத்தியின் காலணி நாடாவைக் கட்டினாள். முடிச்சு முதல் தடவையிலேயே விழுந்தது. இம்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேக்கரியில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? குடிச்சுட்டு ஓட்டினீங்களாம். போலீஸ் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களாம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்..."

அல்முட் அடுத்த காலணியை எடுத்தாள். மேசையில் அவள் மகன் ஃபோக்கோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஏற்கனவே தடவிய ரொட்டி.

லைசென்ஸ் அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். பிறகு ஏன் ஓட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில் ஃபோக்கோவுடையது.

போன இலையுதிர் காலத்தில் அவன் அடுத்தடுத்து இரண்டு இடங்களில் காரை இடித்திருந்தான். இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. சட்டம் கேட்கும் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் காப்பீட்டை விட்டுவிடப்போவதாகச் சொன்னான். அது இடிபட்டவனின் நஷ்டத்தைத்தான் கொடுக்கும். சொந்தக் கார் போனால் போனதுதான். அதுவும் கடனில் வாங்கிய கார்.

"ரெண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கற ரோடுடா. சறுக்கினா என்ன பண்ணுவே?" என்று அல்முட் கேட்டாள்.

"முடியலம்மா..."

அவள் இன்சூரன்ஸ்காரர் ஹார்ம்ஸிடம் போனாள். விபத்தில்லாத ஆண்டுகள் கூடக் கூட இன்சூரன்ஸ் கட்டணம் குறையும். விபத்தே இல்லாமல் ஓட்டிய தன் ஆண்டுகளை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். அவன் லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடமோ அத்தனைதான் அவனுக்குப் போகும். மிச்சம் யாருக்கும் இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இனி அவள் சொந்தக் கார் வைத்து ஓட்டினால் நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன் கட்டுவதைக் கட்ட வேண்டும். விதவைப் பென்ஷனில் அது ஆகாது. காரை விற்றாள். ஃபோக்கோ முழுக் காப்பீட்டை விடாமல் தொடர்ந்தான்.

"இம்கேகிட்ட சொல்லாதம்மா. அம்மா கொடுத்தாத்தான் இந்த வீடு ஓடுதுன்னு நினைச்சுருவா."

அதன் பிறகு அவள் பஸ்ஸில் போய்வந்தாள். நிறுத்தத்தில் பைகளோடு நிற்கும்போது தெரிந்தவர்களின் கார்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போயின. ஒருமுறை ஒருவன் ஜன்னலை இறக்கி, பாட்டிலைச் சாய்ப்பதுபோல் கட்டைவிரலைக் காட்டினான். அவள் பஸ் அட்டவணையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பனி உறைந்த அந்தக் காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு அல்முட் வீடு சேர்ந்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரர் இம்கேயைத் தன் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். இடுப்புவரை நனைந்திருந்தாள். வளைவில் கார் சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது.

அல்முட் அவளை அடுப்பருகில் உட்காரவைத்துக் காலைத் தேய்த்துவிட்டாள்.

"கார் போச்சு அத்தை... கடன் அப்படியே நிக்குது. முழுக் காப்பீட்டை விட்டுடப் போறேன்னு அவன் அப்பவே சொன்னான். நான்தான் குடும்பத்தைக் கவுத்துட்டேன்."

"காலை மடக்கு. இன்னொரு துண்டு தர்றேன்."

சாயங்காலம் ஹார்ம்ஸ் வந்தார். இம்கே தேநீர் ஊற்றினாள்.

"கவலை வேண்டாம். முழுக் காப்பீடு இருக்கே. காருக்கு உண்டானது வந்துடும்," என்றார்.

"இருக்கா? எப்படி?"

ஃபோக்கோ கோப்பைக்குள் பார்த்தான். ஹார்ம்ஸ் அல்முட் பக்கம் திரும்பினார்.

"என்ன அக்கா, நீங்க குடுத்த வருஷத்துல பாதி இந்த விபத்துல போயிடும். அன்னிக்கே சொன்னேன், இதுக்காகக் காரை விட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கணுமான்னு. நீங்க கேட்டாத்தானே."

ஹார்ம்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியும்," என்றாள் இம்கே ஃபோக்கோவிடம்.

"தெரியும்."

"தினம் காலைல நான் அவங்களைப் பேசறப்போ... பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தே."

அவன் முகம் காதுவரை சிவந்தது. "வெக்கமா இருந்துச்சு," என்றான்.

இம்கே அல்முட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை... பேக்கரியில அந்தப் பேச்சை ஆரம்பிச்சதே நான்தான். ஒருநாள் கோபத்துல சொன்னேன். யார் கண்டா, லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களோ என்னவோன்னு..."

"தெரியும். அன்னிக்கே கடைக்காரி சொன்னா."

"தெரிஞ்சுமா காலைல என் காலைத் தேச்சுவிட்டீங்க?"

"ஈரமா இருந்துச்சே."

இம்கே அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அல்முட் அவள் தலையில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

இம்கே நிமிர்ந்ததும் ஹார்ம்ஸிடம் கேட்டாள்.

"புதுக் காரை யார் யார் ஓட்டுவாங்கன்னு பேர் கொடுக்கணும் இல்ல? அத்தை பேரைச் சேருங்க."

"கட்டணம் கூடும்," என்றான் ஃபோக்கோ. பிறகு, "கூடட்டும். எழுதுங்க," என்றான்.

புதுக் கார் வந்த சனிக்கிழமை இம்கே சாவியை அல்முட்டின் கையில் வைத்தாள். ஃபோக்கோ குழந்தையோடு பின்சீட்டில் ஏறினான்.

"எங்க போகணும்?"

"பேக்கரிக்கு," என்றாள் இம்கே.

அல்முட் வண்டியைக் கடையின் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினாள். உள்ளே வரிசை நின்றது. அவர்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"அத்தை லைசென்ஸை யாரும் பிடுங்கலை," என்றாள் இம்கே. "நான் சொன்னது பொய்."

அல்முட் தரையைப் பார்த்தாள். வரிசையில் பலரும் அதையே பார்த்தார்கள். அவள் முறை வந்ததும் ஒரு ரொட்டி கேட்டாள். காசெடுக்கக் கைப்பையைத் திறந்தாள். பர்ஸுக்கு அடியில் லைசென்ஸ் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.