முந்தும் கை

மிதவூரில் காலைப் படகு ஏறுகிறவர்கள் முதலில் சோடித்தகட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டும் ஒருசேர விழுந்தால் பச்சை எரிந்து கதவு திறக்கும். ஒன்று முந்தினால் சிவப்பு. பழைய தூத்துக்குடியின் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மிதவைகள் மேல் எழுந்த ஊர் அது. ஆடும் துறையிலிருந்து ஆடும் படகுக்குத் தாவும்போது இருபக்கக் கம்பிகளையும் ஒரே நொடியில் பற்ற வேண்டும். பிசகினால் ஆள் கடலில்.

தங்கபுஷ்பம் தட்டினாள். சிவப்பு.

"என்னக்கா, இன்னைக்கும் வலது முந்திக்கிட்டா?" என்றான் வாயிற்காவலன் வேம்படி. "அதுக்கு மட்டும் என்ன அவசரமோ! என் தோளைப் பிடிச்சு ஏறுங்க."

"சிரிங்க தம்பி. உங்களுக்கென்ன, ரெண்டும் புதுசு."

உண்மைதான். அந்தப் படகில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு இரு கைகளிலும் ஒளிநரம்பு ஓடியது. நம் உடம்பின் நரம்பில் செய்தி போவது, திரியில் நெருப்பு நகர்வதைப் போல. ஒவ்வொரு துளி இடமும் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போகும். கழுத்திலிருந்து விரலுக்குப் போய்ச்சேர, கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒளிநரம்பில் அந்தப் பயணமே கிடையாது. நினைத்ததும் செய்தி விரலில் நிற்கும். அதனால் ஒரு கைக்கு ஒளிநரம்பு வைத்தால், நல்ல கையின் நரம்பையும் அறுத்துவிட்டு அதையே வைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. ஒரு செருப்பு அறுந்தால் சோடியாக மாற்றுவதில்லையா, அப்படி.

போன வருஷம் இரண்டு மிதவைகளுக்கு நடுவே அவள் வலத்தோள் நசுங்கியது. கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்தன. ஒளிநரம்பு வைத்த பின் சோறு பிசைந்தாள், சடை பின்னினாள். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மூளை பழகிக்கொண்டது. ஆனால் அவள் மிருதங்கக்காரி. இரு கையும் சேர்ந்து விழவேண்டிய 'தாம்' அவளுக்கு இரண்டாக உடைந்து விழுந்தது. வலது முன்னே, இடது பின்னே. மற்றவர் காதுக்கு அது ஒரு சிறு கீறல். அவள் காதுக்கு ஓட்டை.

வெள்ளிக்கிழமை பாடகர் கோமதிநாயகத்தின் கச்சேரி. போனால், விபத்துக்குப் பின் அவள் ஏறும் முதல் மேடை. "நீ வாரேன்னு சொன்னா வேற ஆளைக் கூப்பிட மாட்டேன். ஆனா இன்னைக்குள்ள சொல்லிரு, புஷ்பம்" என்று அன்று காலை சொல்லியிருந்தார்.

நரம்பகத்தில் பொறியாளர் டெல்பின் தேநீரோடு காத்திருந்தாள்.

"இடதையும் மாத்திருவோமாக்கா? சாயந்தரமே முடிஞ்சிரும்."

"அறுத்த பிறகு ஒட்ட முடியுமா?"

"முடியாது."

"வலது நல்லாத்தான் வாசிக்குது டெல்பின். ஆனா வாசிக்கிறது நான் இல்லை. யாரோ பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. இடதும் போயிட்டா, அப்புறம் நான் எங்க இருக்கேன்?"

டெல்பின் பெருமூச்சு விட்டாள். "இடதை அறுக்க வேண்டாம்னுதான வலதுல தாமதம் வச்சுக் கொடுத்தேன். அதுவும் சரிப்படலையா?"

"முதல்ல ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. கொஞ்ச நேரம் வாசிச்சதும் இடது முந்த ஆரம்பிச்சிருச்சு."

"இடதா? அது பழைய நரம்புல்லா! அது எப்படி முந்தும்?"

கேட்டுவிட்டு டெல்பின் எழுந்து ஓடினாள். ஒரு தொட்டி நிறையப் பனிக்கட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் இடக்கையை முழங்கைவரை முக்கச் சொல்லி, அளவியை ஒட்டினாள். திரையில் நரம்பின் அலை தளர்ந்து நடந்தது. பிறகு வெந்நீர். அலை ஓடத் தொடங்கியது. மறுபடி பனி, மறுபடி வெந்நீர். தேநீரில் ஆடை படிந்தது.

"சூட்டுக்கு வேகம் கூடுது, குளிருக்குக் குறையுது" என்றாள் டெல்பின். "நாங்க படிச்சதெல்லாம் ஒளிநரம்பு. இதை யாரும் அளந்து பார்த்தே ரொம்பக் காலமாச்சு. அக்கா, உங்க இடக்கை ஒரே வேகத்துல இருந்ததே இல்லை. காலைக் கடல்காத்துல அது மந்தமாகி வலது முந்துது, வாசிச்சுச் சூடேறினா இடது முந்துது. நான் வலதுக்கு ஒரே தாமதத்தை வச்சேன் பாருங்க, மடச்சி!"

"இப்ப என்ன செய்ய?"

"இடதுல ஒரு கேட்புப்பட்டை கட்டுவோம். அது என்ன வேகத்துல போகுதோ, அதைக் கேட்டு வலதும் அதே வேகத்துல போகட்டும். ஆனா இடதோட சோர்வு, மந்தம் எல்லாம் வலதுக்கும் வரும். பிறகு என்னைத் திட்டப்படாது."

"கட்டு" என்றாள் தங்கபுஷ்பம். அங்கிருந்தே கோமதிநாயகத்துக்குச் சொல்லி அனுப்பினாள்: வாரேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் உட்கார்ந்து அவள் மிருதங்கத்தை அருகே இழுத்துக்கொண்டாள். பயம் வந்தால் உடம்பு ரத்தத்தைக் கைகளிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இடது விரல்கள் சில்லிட்டன. நரம்பு மந்தமாகும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். கோமதிநாயகம் பல்லவியை எடுத்தார். அவள் கைகளை உயர்த்தி இறக்கினாள்.

தாம்.

ஒன்றாக விழுந்தது. கனமாக, இம்மி பிந்தி, ஆனால் ஒன்றாக. அவள் வலக்கையைப் பார்த்தாள். ஒளிக்குக் குளிர் தெரியாது. கழுத்திலிருந்து விரல்வரை ஓடும் அந்தக் கண்ணாடி இழைக்கு உறைபனியும் உச்சிவெயிலும் ஒன்றே. இருந்தும் அது காத்திருந்தது. சில்லிட்ட இன்னொரு கை நடந்துவரும்வரை, நினைத்ததும் ஓடக்கூடிய அந்த ஒளி நின்று காத்திருந்து, சேர்ந்து அடியெடுத்து வைத்தது.

அனுபல்லவியில் விரல்களில் ரத்தம் திரும்பியது. இடது சூடாகச் சூடாக, வலதும் சூடானது போலவே இலகுவானது. சரணத்தில் எந்தக் கை எது என்று பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது கோமதிநாயகம் தொடையில் தாளம் போட்டபடி கண்களை மூடிக்கொண்டார். கடைசித் தீர்மானத்தின் மூன்று 'தாம்'களும் ஆறாக உடையாமல் மூன்றாகவே விழுந்தன.

கைதட்டலுக்கு நடுவே அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஆரம்பத்துல கொஞ்சம் கனமா இருந்துச்சே. பயந்துட்டியோ?"

அவள் இரு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே" என்றாள். "ரெண்டு கையும்."